தாளில் எழுதிய முகவரி போதாது: மதுமீட்புக்கு ஆதரவுக் கூட்டம் தேடிய ஒருவரின் நிகழ்வு ஆய்வு

குடியை நிறுத்தும் சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவரின் கையில் பெரும்பாலும் ஒரு தாள் இருக்கும். மருந்துப் பட்டியலுக்குக் கீழே, ஆதரவுக் குழு கூடும் இடமும் நேரமும் எழுதியிருப்பார்கள். அந்தத் தாளுக்கும் கூட்டத்தின் நாற்காலிக்கும் நடுவே பலர் காணாமல் போகிறார்கள். போகாமலே இருந்தவர்களைப் பற்றியாவது நாம் கொஞ்சம் கவலைப்படுகிறோம். ஒருமுறை போய்விட்டு, ‘எனக்கு ஒத்துவரவில்லை’ என்று திரும்பியவரைப் பற்றிக் கோப்பில் ‘ஈடுபாடு குறைவு’ என்று எழுதி முடித்துவிடுகிறோம். இந்த ஆய்வு அப்படித் திரும்பி வந்த ஒருவரைப் பற்றியது.

இதில் வரும் ஆசிரியை தனி ஒரு நபர் அல்லர். மதுமீட்பு ஆலோசனையில் திரும்பத் திரும்பப் பார்க்கும் நிலைமைகளை ஒருவர் மேல் ஏற்றி எழுதியிருக்கிறேன். யாருடைய அடையாளமும் வெளிப்படக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஆய்வு முடிவுகள், ஆண்டுகள், மருத்துவ விவரங்கள் எல்லாம் உண்மையானவை.

பின்னணி

வயது 39. மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறார். வீட்டில் கணவர், 13 வயதில் ஒரு மகள். எட்டு ஆண்டுகளாகக் குடி; கடைசி மூன்று ஆண்டுகள் தினமும். பள்ளி நேரத்தில் குடித்ததில்லை. விடுப்பும் அதிகம் எடுத்ததில்லை. ஐந்தரை மணிக்கு வீட்டுக்கு வந்தால், பயிற்சி முடிந்து மகள் வர ஏழரை ஆகும், கணவர் வர எட்டு ஆகும். குடி முழுக்க அந்த இடைவெளியில்தான் நடந்தது. பாட்டில் இருந்த இடம், திருத்தி முடித்த விடைத்தாள் கட்டுகளுக்குப் பின்னால். அந்த அலமாரியை வீட்டில் வேறு யாரும் திறக்க மாட்டார்கள்.

கடைசி ஆண்டில் காலையில் கை நடுங்க ஆரம்பித்தது. முதல் பீரியடில் சாக்பீஸைப் பிடித்து நேர்கோடு போட முடியவில்லை. அதனால் மாணவர்களை ஒவ்வொருவராகப் பலகைக்கு அழைத்துக் கணக்குப் போடச் சொன்னார். பிள்ளைகளைப் பங்கெடுக்க வைக்கிறீர்கள் என்று உடன் வேலை செய்பவர்கள் பாராட்டினார்களாம். இதைச் சொல்லும்போதுதான் அவர் முதல்முறையாக அழுதார்.

அந்த நடுக்கத்தைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தினமும் அதிகமாகக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 முதல் 8 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கலாம். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் சிலருக்கு மனக்குழப்பமும், இல்லாததைப் பார்க்கிற நிலையும் வரும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். எந்த ஆதரவுக் கூட்டமும் இதற்கு மாற்றல்ல. ‘மனஉறுதி இருந்தால் வீட்டிலேயே நிறுத்திவிடலாம்’ என்று நல்லெண்ணத்தோடு சொல்பவர்களிடம் நான் இந்த மணிக்கணக்கைத்தான் எடுத்துச் சொல்வது. ஆசிரியை மருத்துவமனையில் தங்கி, மருந்தோடும் தையமின் (வைட்டமின் பி1) ஊசியோடும் இந்தக் கட்டத்தைத் தாண்டினார். பிறகு கல்லீரல் பரிசோதனை செய்து நால்ட்ரெக்ஸோன் மாத்திரை தொடங்கினார்கள். வீடு திரும்பும்போது அந்தத் தாளும் கையில் இருந்தது.

முதல் கூட்டம்

வீடு திரும்பிய நான்காம் நாள் தனியாகப் போனார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (சுருக்கமாக ஏஏ) அமைப்பின் கூட்டம்; குடியிலிருந்து மீளப் பன்னிரண்டு படிகளை ஒவ்வொன்றாகக் கடக்கும் முறை அது. இரவு எட்டரை மணி, ஒன்றரை மணி நேரம். ஏறக்குறைய இருபது ஆண்கள், இவர் ஒருவர்தான் பெண். கூட்டம் முடியும் முன்பே வெளியே வந்துவிட்டார். மறு வாரம் என்னிடம் வந்தபோது, “போனேன் மேடம். எல்லாரும் நல்லவங்கதான். எனக்குத்தான் ஒத்துவரல” என்றார்.

இந்த இடத்தில் ஆலோசகர் செய்யக்கூடியவை இரண்டு. ‘சரி, கூட்டம் வேண்டாம், என்னிடம் மட்டும் வாருங்கள்’ என்று விட்டுவிடலாம். ‘இன்னும் நாலு தடவை போய்ப் பாருங்கள், பழகிவிடும்’ என்று தள்ளிவிடலாம். இரண்டிலும் அங்கே என்ன நடந்தது என்பது தெரியாமலே போய்விடும்.

கூட்டத்தை நிமிடம் நிமிடமாக

‘ஏன் பிடிக்கவில்லை?’ என்று கேட்டால் நியாயம் சொல்லத் தொடங்குவார்கள். அதனால் வேறு மாதிரி கேட்டேன். எந்த வாசல் வழியாக நுழைந்தீர்கள்? எங்கே உட்கார்ந்தீர்கள்? முதல் தடவை கடிகாரத்தைப் பார்த்தது எப்போது? கைப்பையை மடியில் வைத்திருந்தீர்களா, கீழே வைத்தீர்களா? ஒரு மணி நேரம் இப்படிப் போனதில், அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத பல விஷயங்கள் இருந்தது தெரிந்தது.

முதல் தடவை கடிகாரத்தைப் பார்த்தது உள்ளே நுழைவதற்கு முன்பே. மாணவர்களின் பெற்றோர் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று எதிர்ப்பக்கம் கால் மணி நேரம் நின்றிருக்கிறார். உள்ளே இருப்பவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருப்பார், அவரும் வெளியே சொல்ல மாட்டார் என்பது புத்திக்குத் தெரிந்தாலும் கால் நகரவில்லை.

அடுத்தது, கேட்ட கதைகள். ஒருவர் வேலை போனதைச் சொன்னார். ஒருவர் சிறைக்குப் போனதைச் சொன்னார். இன்னொருவர் தெருவில் கிடந்த இரவைச் சொன்னார். “கேட்கக் கேட்க எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி வந்தது மேடம். நான் அவ்வளவு தூரம் போகலையேன்னு.” பயப்பட வேண்டிய நிம்மதி அது. கதைகளின் அளவை வைத்துத் தன்னை அளந்து, தனக்கு நோயே இல்லை என்ற முடிவுக்குப் பாதி வழி வந்திருந்தார். அந்த அறையில் தவறு எதுவும் இல்லை. ஆனால் வேலையைக் காப்பாற்றிக்கொண்டே குடித்தவர் ஒருவர்கூட அன்று பேசவில்லை.

இடைவேளையில் ஒருவர், “மாத்திரை போடறீங்களா? அதுவும் ஒரு போதைதான், விட்டுடுங்க” என்று சொல்லியிருக்கிறார். நால்ட்ரெக்ஸோன் போதை தரும் மருந்தும் அல்ல, பழக்கமாகும் மருந்தும் அல்ல. குடிக்கும்போது மூளையில் எழும் இன்ப உணர்வை மட்டுப்படுத்துவது அதன் வேலை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தன்னுடைய வெளியீட்டிலேயே உறுப்பினர் யாரும் மற்றவருக்கு மருத்துவர் போல ஆலோசனை சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. அப்படியிருந்தும் சில அறைகளில் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. புதிதாக வருகிறவருக்கு அது ஒரு தனிமனிதரின் கருத்தாகத் தெரிவதில்லை, அமைப்பின் சட்டமாகவே கேட்கிறது. ஆசிரியை அன்றிரவு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நல்லவேளை, போட்டுக்கொண்டார்.

இன்னொருவர் போன் நம்பர் கேட்டார். தப்பான எண்ணம் இல்லாமலும் கேட்டிருக்கலாம். புதியவருக்கு நம்பர் கொடுப்பது இந்தக் கூட்டங்களின் பழக்கமே. ஆனால் அறையில் ஒரே பெண்ணாக இருப்பவருக்கு அது எப்படி இருக்கும் என்று அங்கே யாரும் யோசிக்கவில்லை.

கடவுள் பேச்சுதான் தடையாக இருக்கும் என்று பலரும் எதிர்பார்ப்பார்கள். அவருக்கு அது தடையே இல்லை. பிரார்த்தனை பிடித்திருந்தது என்றார். அவரைக் குத்தியது முதல் படி. மதுவின் முன் நாங்கள் சக்தியற்றவர்கள் என்று ஒப்புக்கொள்ளும் படி அது. “வீட்டுல ஏற்கெனவே உன்னால எதுவும் முடியாதுன்னு கேட்டுக் கேட்டுத்தான் மேடம் நான் இப்படி ஆனேன். அங்கேயும் போய் என்னால முடியாதுன்னு சொல்லணுமா?” இந்தப் படியால் எத்தனையோ பேருக்குப் பெரிய பாரம் இறங்கியிருக்கிறது, தனியாகப் போராடித் தோற்ற களைப்பு அதில் தீர்கிறது. ஆனால் வாழ்நாள் முழுக்கக் குரல் அடக்கப்பட்டவருக்கு அதே வரி வேறு மாதிரி விழும்.

கடைசியாக நேரம். இதை அவர் குறையாகச் சொல்லவில்லை, நான் கேட்டுத்தான் வந்தது. அவருக்கு ஆபத்தான நேரம் ஐந்தரை முதல் எட்டு வரை. கூட்டம் எட்டரைக்கு. அதற்குள் அன்றைய நாள் எப்படியாவது முடிவாகியிருக்கும். எனக்கு இருந்த தகவல்களிலேயே மிகவும் உபயோகமானது இதுதான்.

என்னென்ன அறைகள் இருக்கின்றன

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கியது. பங்குச் சந்தைத் தரகர் பில் வில்சன், அறுவைச் சிகிச்சை மருத்துவர் பாப் ஸ்மித் என்ற இரண்டு குடிநோயாளிகள் ஒருவரோடொருவர் பேசி ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்ததிலிருந்து வந்த அமைப்பு. இன்று சுமார் 180 நாடுகளில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றே உறுப்பினர் ஆவதற்கான தகுதி. பெயரளவில் ஒரே அமைப்பாக இருந்தாலும், அதன் மரபுப்படி ஒவ்வொரு குழுவும் தன் காரியத்தைத் தானே நடத்திக்கொள்வது. ஒரு குழுவில் ஒருவர் நெடுநேரம் தன் கதையைச் சொல்வார். இன்னொன்றில் ஒரு தலைப்பெடுத்து ஆளுக்கு மூன்று நிமிடம் பேசுவார்கள். வேறொன்றில் புத்தகத்தை வரி வரியாகப் படிப்பார்கள். பெண்களுக்கு மட்டும், புதியவர்களுக்கு மட்டும், ஆன்லைனில் மட்டும் என்றும் உண்டு. திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம். மூடிய கூட்டம் குடிப்பழக்கத்தை விட விரும்புகிறவர்களுக்கு மட்டும். ஆகவே ஒரே ஒரு அறையைப் பார்த்துவிட்டு முழு அமைப்பையும் வேண்டாமென்பது நியாயமான முடிவாகாது. இதை ஆசிரியையிடம் சொன்னபோது, “ஒரு பிரிவு பசங்களைப் பார்த்து ஸ்கூல் முழுசையும் எடைபோட மாட்டேனே” என்று அவரே சொன்னார்.

பன்னிரண்டு படிக்கு வெளியிலும் குழுக்கள் உண்டு. விமன் ஃபார் சோப்ரைட்டி 1970களின் நடுவில் ஜீன் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் தொடங்கியது. குடியிலிருந்து மீளும் பெண்ணுக்குச் சக்தியின்மையை ஒப்புக்கொள்வதைவிடத் தன்மதிப்பை மீட்பது முக்கியம் என்பது அவருடைய வாதம். ஆசிரியை என் முன்னால் உட்கார்ந்து சொன்னதும் ஏறக்குறைய அதே வாதம்தான். ஸ்மார்ட் ரிகவரி 1994 முதல் அந்தப் பெயரில் இயங்குகிறது. பயிற்சி பெற்ற ஒருவர் நடத்துவார். குடிப்பதால் கிடைப்பது என்ன, இழப்பது என்ன என்று கட்டம் போட்டு எழுதுவது, ஆசை எழும் நேரத்தைக் குறித்து வைப்பது போன்ற பயிற்சிகள் இருக்கும். ஒருவர் பேசும்போது மற்றவர் பதில் சொல்லலாம். லைஃப்ரிங்கில் மதப் பேச்சும் படிகளும் கிடையாது. இந்த வாரம் எப்படிப் போனது, வரும் வாரத்தில் என்ன சிக்கல் வரும் என்று வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள்.

எது சிறந்தது என்ற கேள்வி எப்போதும் வரும். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2020-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் எடுத்துக்கொண்டது. ஏஏ-வில் கொண்டுபோய்ச் சேர்ப்பதையே சிகிச்சையாகத் திட்டமிட்டுக் கொடுத்தபோது, ஓராண்டு முடிவில் தொடர்ந்து குடிக்காமல் இருந்தவர்கள் 42 சதவீதம். மற்றச் சிகிச்சைகளில் 35 சதவீதம். இந்த எண்ணை மேற்கோள் காட்டுபவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அங்கே சோதிக்கப்பட்டது முகவரி கொடுப்பது அல்ல. கைப்பிடித்துக் கொண்டுசேர்க்கும் முறையான சிகிச்சை. 2018-இல் வெளியான இன்னோர் ஆய்வு, பன்னிரண்டு படிக் குழுக்களையும் மேலே சொன்ன மூன்று குழுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. எந்தக் குழுவில் இருந்தாலும் அதில் நன்றாக ஈடுபட்டவர்களுக்குப் பலன் கிடைத்தது. குழுவுக்குக் குழு அந்தப் பலன் மாறவில்லை. ஆகவே எந்தக் குழு உயர்ந்தது என்ற சர்ச்சையில் நான் இறங்குவதில்லை. இவர் எந்த அறைக்குத் திரும்பத் திரும்பப் போவார் என்று பார்ப்பதே நம் வேலை.

தேடல்

நேரம், பாதுகாப்பு இரண்டையும் முதலில் வைத்தோம். மற்ற எல்லாம் பிறகு. குழுக்களின் உதவி எண்களுக்கு ஆசிரியையே என் அறையில் இருந்து போன் செய்தார். கேட்க வேண்டியதை முன்கூட்டி எழுதிக்கொண்டோம்: கூட்டம் திறந்ததா, மூடியதா, வழக்கமாக எத்தனை பெண்கள் வருவார்கள், முதல் நாள் பேசித்தான் ஆக வேண்டுமா, ஆன்லைன் என்றால் கேமராவை அணைத்து வைக்கலாமா, முழுப்பெயர் தெரியுமா. ஒரு குழுவில் போனை எடுத்தவர், “முதல்ல வாங்க, எல்லாம் புரியும்” என்று மட்டும் சொன்னார். இன்னொரு குழுவில் ஒரு பெண் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, “நீங்க பேச வேண்டாம். கேட்டுட்டு மட்டும் போங்க. பிடிக்கலைன்னா நடுவுலயே எழுந்து போகலாம், யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க” என்றார். போனில் பேசும் தோரணையிலேயே அந்த அறையின் குணம் பாதி தெரிந்துவிடுகிறது.

மாலை ஆறே கால் மணிக்கு நடக்கும் பெண்களுக்கான ஆன்லைன் கூட்டம் ஒன்று கிடைத்தது. கேமராவை அணைத்து, முதல் எழுத்தை மட்டும் பெயராகப் போட்டு, இயர்போனில் கேட்டார். விடைத்தாள் அலமாரி இருக்கும் அறையில் உட்காராமல் மாடிப்படியில் உட்கார்ந்தார். அது அவராகவே எடுத்த முடிவு. ஆபத்தான நேரத்தின் நடுவே ஒரு மணி நேரம் அடைபட்டது. முதல் சில வாரங்கள் குடிக்காமல் கடந்ததற்கு மாத்திரைக்கு அடுத்தபடியாக இந்த நேரப் பொருத்தத்தைத்தான் காரணமாகச் சொல்வேன்.

பயிற்சித் தாள்களை வைத்து நடத்தும் ஒரு குழுவுக்கும் போனார். ரொம்பப் பிடித்துவிட்டது. கட்டம் போடுவது, காரணம் எழுதுவது எல்லாம் அவர் தொழிலுக்கு நெருங்கியவை. ஆனால் சில வாரங்கள் கழித்து அவரே ஒன்றைக் கவனித்தார். “அங்க நான் நல்ல ஸ்டூடண்ட் ஆயிடறேன் மேடம். கேள்வி கேட்டா முதல் ஆளா கை தூக்கிடறேன். ஆனா அன்னைக்குக் குடிக்கணும்னு தோணினதை மட்டும் சொல்லவே இல்ல.” இது அந்தக் குழுவின் குறை அல்ல. வேறொருவர் அதே அறையில் மனம் திறந்திருப்பார். ஆசிரியையோ, எங்கே திறமையாகத் தெரிய முடியுமோ அங்கே தன்னை மறைத்துக்கொள்ளப் பழகியவர். எட்டு ஆண்டுக் குடியே அந்தத் திறமைக்குப் பின்னால்தான் ஒளிந்திருந்தது. ஓர் அறையில் சௌகரியமாக இருப்பதை மட்டும் வைத்து அது பொருத்தமானது என்று முடிவு கட்டக் கூடாது என்பதை இந்த ஒரு நிகழ்ச்சியே போதுமான அளவு காட்டுகிறது. பயிற்சித் தாள்களை இன்றும் வீட்டில் பயன்படுத்துகிறார்; தன் பிரதான கூட்டமாக அதை வைத்துக்கொள்ளவில்லை.

ஆன்லைனில் குரல் கேட்டால் போதும், முகம் காட்டத் தேவையில்லை என்பது தொடக்கத்தில் பலம். நாளடைவில் அதுவே மறைவிடமாகவும் ஆகலாம். அதனால் நேரில் கூடும் பெண்கள் கூட்டம் ஒன்றுக்கு, சனிக்கிழமை பகல் நேரத்தில், போவதென்று பேசினோம். இங்கே 1981-இல் சிசன், மல்லாம்ஸ் என்ற இருவர் செய்த சிறிய ஆய்வு எனக்கு எப்போதும் வழிகாட்டி. 20 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் கூட்டம் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் சொல்லி, போகச் சொல்லி ஊக்கப்படுத்தினார்கள். மறு பாதிக்கு ஆலோசனை அறையிலிருந்தே குழு உறுப்பினர் ஒருவருக்குப் போன் போட்டுப் பேசவைத்தார்கள். அந்த உறுப்பினர் முன்தினம் நினைவூட்டி, தானே கூட்டிக்கொண்டு போனார். இரண்டாம் பாதியில் எல்லாரும் போனார்கள். முதல் பாதியில் ஒருவர்கூடப் போகவில்லை. 20 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை என்பதை மறக்கவில்லை. ஆனாலும், தாளைக் கொடுத்து அனுப்புவது எந்த அளவுக்கு ஒன்றுமில்லாத வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அதையே செய்தோம். போனில் பொறுமையாகப் பேசிய அந்தப் பெண்ணே வெள்ளி இரவு கூப்பிட்டார். சனிக்கிழமை வாசலில் நின்றார். எந்த நிறப் புடவை கட்டியிருப்பேன் என்றுகூட முன்பே சொல்லியிருந்தார், தேட வேண்டாம் என்பதற்காக. “உள்ள வந்ததும் கதவுப் பக்கம் உட்காரும்மா. போகணும்னு தோணினா என்கிட்டக்கூடச் சொல்ல வேண்டாம்” என்றாராம். அன்று ஒருவர், துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் பாட்டில் வைத்திருந்ததைச் சொன்னார். வீட்டில் யாரும் தொடாத இடம் அது ஒன்றுதான் என்றார். ஆசிரியை சத்தமாகச் சிரித்துவிட்டார். அறை திரும்பிப் பார்த்தது. “என்னோடது விடைத்தாள் கட்டுக்குப் பின்னாடி” என்று சொன்னதுதான் எந்தக் கூட்டத்திலும் அவர் பேசிய முதல் வாக்கியம். வேலையில் இருந்துகொண்டே, பிள்ளை வளர்த்துக்கொண்டே குடித்தவர்கள் அந்த அறையில் நிறையப் பேர். ‘நான் அவ்வளவு தூரம் போகவில்லை’ என்று அளந்துகொள்ள அங்கே அளவுகோல் இல்லை.

இதுவும் பன்னிரண்டு படிக் கூட்டம்தான். முதல் படியின் அதே வரிதான் அங்கேயும். அதைப் பற்றி, வாசலில் நின்று அழைத்துப் போன அந்த அக்காவிடம் நேரடியாகவே கேட்டிருக்கிறார். “பாட்டில் முன்னாடி முடியாதுன்னுதான் சொன்னேன். மத்த எல்லாத்துக்கும் முடியும்னு அதுக்கப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சது” என்று பதில் வந்தது. ஆசிரியைக்கு இதில் முழுச் சமாதானம் ஏற்படவில்லை. அந்த வரியைப் படிக்கும்போது இன்னும் வாய் திறக்க மாட்டார். அறையில் யாரும் அவரை வற்புறுத்துவதில்லை. உடன்படாத ஒன்றோடு உட்கார்ந்திருக்க இடம் தருவதும் ஓர் அறையின் நல்ல குணம்.

சறுக்கல்

மூன்றாம் மாதம், பொதுத்தேர்வுத் தாள் திருத்தும் பரபரப்பில், மூன்று நாள் குடித்தார். அதற்குப் பின் இரண்டு வாரம் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. போனால் நாள்கணக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும், எல்லாருக்கும் முன்னால் சொல்ல வேண்டும் என்ற வெட்கம். குடியால் வந்த கெடுதியைவிட இந்த வெட்கத்தால் வந்த இரண்டு வார விலகல்தான் ஆபத்தானது என்று நான் கருதுகிறேன். குடியில்லாத நாட்களை எண்ணுவதும், மாதம் ஒன்றுக்குப் பதக்கம் தருவதும் பலரைத் தூக்கி நிறுத்துகின்றன. சறுக்கியவருக்கு அதே பதக்கம் வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி ஆகிவிடும்.

மருத்துவரிடம் மறுநாளே அனுப்பினோம்; மூன்று நாள் குடிக்குப் பின் நிறுத்தும்போது நடுக்கம் திரும்புமா என்று பார்க்க வேண்டியிருந்தது. மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்றார் மருத்துவர். கூட்டத்தின் பக்கம் அந்த அக்காதான் இழுத்து வந்தார். இரண்டு சனிக்கிழமை காணவில்லை என்றதும் போன் செய்து, “நீ பத்திரமா இருக்கியா?” என்று மட்டும் கேட்டார். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை ஆசிரியை போய்ச் சொன்னபோது அறை அதை எப்படி வாங்கிக்கொண்டது என்பதை என்னிடம் ஒரே வரியில் சொன்னார்: “நாற்காலியை நகர்த்திப் போட்டாங்க, அவ்வளவுதான்.”

கூட்டம் பார்க்கப் போகிறவர்களிடம் இப்போதெல்லாம் இதைத் தவறாமல் சொல்கிறேன். ஓர் அறை சறுக்கி வந்தவரை எப்படி நடத்துகிறது என்று பாருங்கள். முதல் நாளில் தெரியாது; வேறொருவர் அப்படித் திரும்பி வரும் நாள்வரை பொறுத்திருக்க வேண்டும். அன்று அறை உபதேசம் செய்கிறதா, பேச்சை மாற்றுகிறதா, இடம் விடுகிறதா என்பது தெரிந்துவிடும். அதே சமயம், பார்த்தவுடன் வெளியேற வேண்டிய அறைகளும் உண்டு. மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்லும் அறை, நுழைவுக் கட்டணம் கேட்கும் அறை, குணமாகிவிடும் என்று உத்தரவாதம் தரும் அறை, புதிதாக வந்த பெண்ணுக்கு ஆண் ஒருவர் ஸ்பான்சராக (புதியவருக்கு வழிகாட்டும் பழைய உறுப்பினராக) முன்வந்து தனியாகச் சந்திக்கக் கேட்கும் அறை. இவற்றில் பழகிப் பார்க்க ஒன்றும் இல்லை.

கணவர்

கூடவே வந்து உட்காருவேன் என்றார் அவர். மூடிய கூட்டத்தில் அது முடியாது என்பதே அவருக்கு வருத்தம். உள்ளே தன்னைப் பற்றி என்ன பேசுவாள் என்ற பயமும் அதில் இருந்தது. குடும்பத்தினருக்கென்று 1951-இல் தொடங்கிய அல்-அனான் பற்றிச் சொன்னோம். பில் வில்சனின் மனைவி லோயிஸ் அதன் நிறுவனர்களில் ஒருவர். அரைமனதோடு போனார். தினமும் ‘இன்னைக்குப் போனியா?’ என்று கேட்பதையும், அலமாரியைச் சோதிப்பதையும் சில மாதங்களில் குறைத்தார், முழுக்க விடவில்லை. மகளுக்காகப் பதின்பருவத்தினரின் அலட்டீன் குழுவையும் சொல்லியிருக்கிறோம். இப்போது வேண்டாம் என்கிறாள். அவள் முடிவை மதிக்கிறோம்.

இப்போதைய நிலை

சறுக்கலுக்குப் பின் ஒன்பது மாதமாகக் குடிக்கவில்லை. வாரத்தில் மூன்று மாலை ஆன்லைன் கூட்டம், சனிக்கிழமை நேரில். சனிக்கிழமை அறையைத் திறந்து நாற்காலி போடும் பொறுப்பை அவரிடம் கொடுத்திருக்கிறார்கள்; அதனால் போகாமல் இருக்க முடிவதில்லை என்கிறார். முதல் பீரியடில் மாணவர்களைப் பலகைக்கு அழைக்கும் பழக்கத்தை, கை நடுக்கம் நின்ற பிறகும், அவர் விடவில்லை.

இன்னும் முடிவாகாத காரியங்கள் இரண்டு இருக்கின்றன. நால்ட்ரெக்ஸோனை எவ்வளவு காலம் தொடர்வது என்பதை அடுத்த கல்லீரல் பரிசோதனைக்குப் பின் மருத்துவரோடு பேச வேண்டும். அடுத்து நீண்ட விடுமுறை வருகிறது. பள்ளி இல்லாத நாட்களில் ஆபத்தான நேரம் ஐந்தரைக்குத் தொடங்காது, காலையிலேயே தொடங்கிவிடும். அதற்காகப் பகல் பதினொரு மணிக்கு நடக்கும் ஒரு கூட்டத்தை அவரே கண்டுபிடித்து வைத்திருக்கிறார். போன் செய்து, எத்தனை பெண்கள் வருவார்கள் என்றும், முதல் நாள் பேச வேண்டுமா என்றும் கேட்டாயிற்று. விடுமுறை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே ஒருமுறை போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அந்த அக்காவும் கூட வருகிறார்.